பாண்டி பீச்சுக்கு மணல் திரும்பி வந்த கதை

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு 'ராக் பீச்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. போனில் தேடினாலும் சரி, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் சொன்னாலும் சரி, அந்தப் பெயர் செல்லுபடியாகும். கன்னியாகுமரி மாதிரி இதுவும் இயற்கையிலேயே பாறை நிறைந்த கரை போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. அந்தக் கருங்கற்கள் எல்லாம் லாரி ஏறி வந்தவை. கடல் ஊருக்குள் வந்துவிடக் கூடாதே என்று கொட்டப்பட்டவை.

உங்களுக்குத் தெரிந்த பாண்டிக்காரர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பள்ளி விட்டதும் மணலில் பந்து விளையாடியது, கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தது, காந்தி சிலைக்குப் பின்னால் இறங்கிக் கால் நனைத்தது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டால் கதையே வேறு. அவர்கள் வளர்ந்த காலத்தில் பாண்டி பீச் என்றால் நடைபாதை, கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே பாறை, அதில் மோதித் தெறிக்கும் அலை, அவ்வளவுதான். ஒரு முழுத் தலைமுறை, கடற்கரை ஊரில் பிறந்தும் தன் வீட்டு வாசல் கடலில் கால் நனைக்காமல் வளர்ந்தது.

இப்போது மூன்றாவது தலைமுறையின் முறை. தலைமைச் செயலகத்துக்கு எதிரே குட்டிப் பிள்ளைகள் மணல் வீடு கட்டுகிறார்கள். விடுமுறைக்குப் பாண்டி கிளம்பும் குடும்பங்கள் இந்த மணலை இயல்பாக எடுத்துக்கொண்டு, செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எப்படிப் போனது, எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் அந்த மாலை நேரம் இன்னும் கொஞ்சம் ருசிக்கும்.

மணல் எங்கே போனது?

கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது நடந்துகொண்டே இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி, அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்துவிட்டுப் போகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் இது திசை மாறித் தெற்கே போகும். ஆனால் போகிற அளவு குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் போகிறது. வடக்கே போகிற மணலுக்குப் பதிலாகத் தெற்கேயிருந்து புது மணல் வந்துகொண்டே இருக்கும்வரை கரை கரையாகவே இருக்கும்.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகம் கட்டினார்கள். முகத்துவாரத்தின் இரு பக்கமும் கடலுக்குள் கை நீட்டியதுபோல் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரக் கரைக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டில் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்? சில ஆண்டுகளிலேயே மணல் மெலிந்து, கரைந்து, ஒரேயடியாகக் காணாமல் போனது.

இப்படி நடக்கும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெற்கே சேரும் மணலை இயந்திரத்தால் உறிஞ்சி, குழாய் வழியாக வடக்குக் கரைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை. துறைமுகத்துக்கு எதிர்பார்த்த அளவு சரக்குக் கப்பல்கள் வரவும் இல்லை. மீன்பிடிப் படகுகள்தான் இன்று அதை அதிகம் பயன்படுத்துகின்றன.

சென்னைவாசிகளுக்கு இந்தக் கதை எங்கோ கேட்டதுபோல் இருக்கலாம். சென்னைத் துறைமுகம் கட்டியபோதும் இதேதான் நடந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்ற மெரினா உருவானது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரைத் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது நாம் உட்கார்ந்திருப்பது வடசென்னையின் கணக்கில் எழுதப்பட்ட மணலின் மேல். நூறு வருடத்துக்கு முன்பே கண்ணெதிரே பாடம் இருந்தும் புதுச்சேரியில் மறுபடி அதையே செய்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மணல் போனதும் அலை நேராகச் சாலையை அடிக்கத் தொடங்கியது. அதைத் தடுக்கக் கற்களைக் கொட்டினார்கள். கற்சுவரால் நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2004 சுனாமியின்போது நகரின் மையப் பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பியதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் கல் கரையைக் காப்பாற்றாது, கல்லுக்குப் பின்னால் இருப்பதை மட்டும்தான் காப்பாற்றும். அலை தன் கோபத்தைக் கல் முடியும் இடத்துக்கு அடுத்த மணலில் காட்டும். அங்கேயும் கல் போட்டால் அதற்கு அடுத்த ஊர்.

புதுச்சேரியைச் சேர்ந்த 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பு இதைப் பல ஆண்டுகள் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. சென்னையைச் சேர்ந்த வனவிலங்கு ஆவணப்பட இயக்குநர் சேகர் தத்தாத்ரி, இந்தியாவின் மறைந்துவரும் கடற்கரைகள் பற்றி ஒரு குறும்படமே எடுத்தார். கடைசியில் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் இறங்கி வந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு வழியைக் கையில் எடுத்தது. கரையை ஒட்டிச் சுவர் கட்டாமல், கடலுக்குள் தண்ணீருக்கு அடியில் ஒரு தடையை வைப்பது. எஃகில் செய்த, ஆப்பு வடிவப் பெட்டி அது. அதைக் கடலில் மிதக்கவிட்டு இழுத்து வந்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மூழ்கடித்து, உள்ளே கல் நிரப்பி உட்கார வைத்தார்கள். இது நடந்தது 2018-ல். கூடவே துறைமுக முகத்துவாரத்தைத் தூர் வாரிய மணலையும் கொண்டுவந்து கரையில் போட்டார்கள்.

பெரிய அலை இந்தப் பெட்டியின் மேல் ஏறும்போது உடைந்து, பலம் குறைந்து கரைக்கு வருகிறது. பலம் குறைந்த அலை சுமந்து வரும் மணலை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. சில மாதங்களிலேயே பாறைகளுக்கு முன்னால் மணல் எட்டிப் பார்த்தது. பிறகு பாறைகளையே மூடிக்கொண்டு பரவியது. கடற்கரைச் சாலையில் தினமும் காலை நடை போகும் பெரியவர்களுக்கு அந்த நாட்களில் வேறு பேச்சே இல்லை.

வடக்கே இன்னும் வரவில்லை

இத்தோடு சுபம் போட்டுவிட முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். கடற்கரைச் சாலையிலிருந்து வடக்கே நடந்தால் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மீனவர் குடியிருப்புகள் வரிசையாக வரும். அதற்கு மேல் எல்லை தாண்டி, விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். பிறகு மறுபடி புதுச்சேரிக்குச் சொந்தமான பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு. நகரத்து மணல் பற்றிப் பேசும்போது நாம் விட்டுவிடும் பெயர்கள் இவை.

சுற்றுலா வருகிறவருக்கு மணல் என்பது உட்கார ஓர் இடம். மீனவருக்கு அது பணிமனை. படகை இழுத்து நிறுத்த மணல் வேண்டும், வலையை விரித்து உலர்த்திப் பழுது பார்க்க மணல் வேண்டும், கரைவலை இழுக்க நீளமான கரையே வேண்டும், பெண்கள் கருவாடு காய வைக்கவும் அதே மணல்தான். அது போனால் படகைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், டீசல் செலவு கூடும், கருவாட்டுத் தொழில் படுத்துவிடும். அலை வீட்டுச் சுவரைத் தொடும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியல் நடக்கும், அதிகாரிகள் வருவார்கள், கொஞ்சம் கல் கொட்டுவார்கள். கல் கொட்டினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்துவிட்டோம்.

இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போகும் 'செரினிட்டி பீச்' தந்திராயன்குப்பத்தில்தான் இருக்கிறது. பாண்டி பீச் என்று ஊரெல்லாம் சொன்னாலும், நில அளவைக் கணக்கில் அது தமிழ்நாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கற்குவியல்களைப் பார்த்து, படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகள் அவை. மணலுக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் அதைக் காப்பாற்றும் கோப்பு இரண்டு அரசாங்கங்களின் மேசைகளில் தனித்தனியாகக் கிடக்கிறது. புதுச்சேரி பக்கம் ஒரு வேலை செய்தால் அதன் விளைவு தமிழ்நாட்டுப் பக்கம் தெரியும். இரண்டு பக்கமும் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போடாதவரை வடக்கே இருப்பவர்களுக்கு விடிவு இல்லை என்பது என் கருத்து.

ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு நாள்

சரி, கடற்கரைச் சாலைக்கு வருவோம். இதற்கு 'குபேர் அவென்யூ' என்று பெயர். செல்வத்துக்கு அதிபதியான குபேரன் இல்லை. புதுச்சேரியின் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேர். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய சாலை நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது? பாண்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பிரெஞ்சுக் கட்டடங்கள் அல்ல, இந்த ஒரு உத்தரவுதான்.

ஒரு சின்னத் தகவல். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று கேமராவோடு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இது கிழக்குக் கரை. இங்கே உதயம்தான் கடலில். விடுதியில் ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள். அது முடியாதவர்கள் பௌர்ணமியைப் பார்த்துப் பயணம் வைத்துக்கொண்டால், மாலையில் கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்க்கலாம்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டு கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பக்கத்தில் 1836-ல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம். எதிரே முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்கான பிரெஞ்சு நினைவிடம். ஜூலை 14 அன்று அதற்கு மாலை வைத்து, விளக்கு அலங்காரம் செய்வார்கள். கொஞ்சம் தள்ளி வெள்ளைவெளேரென்று நிற்கும் மேரி கட்டடம் புதியது. 1870-களின் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று இடிந்து விழுந்துவிட, அதே உருவத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். சுற்றுலாக் கழகம் நடத்தும் 'லே கஃபே' ஒரு காலத்தில் துறைமுக அலுவலகம். காபியைவிட அங்கே உட்காரும் இடத்துக்குத்தான் விலை.

உள்ளே தெருக்களுக்குப் போனால் மணக்குள விநாயகர் கோயில். வாசலில் துதிக்கையால் ஆசி கொடுத்துக்கொண்டிருந்த லட்சுமி யானை 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்துபோனது. அன்று ஊரே தெருவில் நின்று அழுதது. லட்சுமியைப் பார்க்கத்தான் பாண்டி போக வேண்டும் என்று அடம்பிடித்த குழந்தைகள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். பெரிய கால்வாயைத் தாண்டினால் தமிழர் பகுதி தொடங்குகிறது. திண்ணையும் மரத்தூணும் வைத்த வீடுகள், ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, மிஷன் வீதியில் 'சாம்பா கோயில்'. செயின்ட் பால் என்பதைப் புதுச்சேரித் தமிழர்கள் தங்கள் வாய்க்கு வசதியாக மாற்றிக்கொண்ட பெயர் இது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908-லிருந்து பத்து ஆண்டுகள் அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் இது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள்.

இந்தக் கரையிலிருந்து கரீபியனுக்கு

காந்தி சிலை இருக்கும் இடத்தில் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் முன்பு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 1952 புயல் அதைக் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகத் தெற்கே கட்டிய இன்னொரு பாலமும் 2022 மார்ச்சில் பாதியில் உடைந்து விழுந்தது. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து சலங்குப் படகுகளில்தான் ஆட்களையும் மூட்டைகளையும் கொண்டுபோய் ஏற்றுவார்கள்.

அப்படி ஏற்றப்பட்ட ஆட்களைப் பற்றி அந்தக் கரையில் நிற்கும்போது நினைக்காமல் இருக்க முடியாது. பிரான்ஸ் 1848-ல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரீபியன் கடலில் இருக்கும் மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகள் ஞாபகம் வந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்கில் முதல் தொகுதியை இறக்கியது. அதே பெயர் கொண்ட கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் போய்ச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய மூன்று மாதக் கடல் பயணம். 1880-களின் இறுதிக்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். நோயிலும் வேலைக் கொடுமையிலும் இறந்தவர்கள் ஏராளம்.

இன்று அங்கே அவர்களுடைய வாரிசுகள் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். தமிழ் போய்விட்டது. ஆனால் மாரியம்மன் 'மலியெமென்' ஆகவும், மதுரைவீரன் 'மல்தெவிதான்' ஆகவும் இருக்கிறார்கள். மசாலாப் பொடி போட்டுச் செய்யும் கோழிக் குழம்புக்கு அங்கே 'கொலம்போ' என்று பெயர். குழம்பு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். கிரியோல் பெண்கள் விசேஷ நாட்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு இன்றும் 'மெட்ராஸ்' என்றே பெயர். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று சொன்னபோது, குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் வழக்குத் தொடுத்து, 1923 வரை விடாமல் போராடி ஓட்டுரிமையை வாங்கிக் கொடுத்தார். அவருடைய கடைசிப் பெயரை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

கரீபியன் கடற்கரைக்கு ஹனிமூன் போவதைப் பற்றி இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். தென்னை, பச்சை நீலக் கடல், வெள்ளை மணல் என்று விளம்பரம் வருகிறது. நம்மூர்க்காரர்கள் அங்கே போய் 170 வருடம் ஆகிவிட்டது. பாண்டி கடற்கரைச் சாலையில் அவர்களைப் பற்றிச் சொல்லும் ஒரு பலகையாவது பெரிதாக, பளிச்சென்று கண்ணில் படும்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பையை எடுத்துக்கொள்ளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் இருந்தால் மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட். துணிமணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம், பொம்மை என்று சாலையே கடையாகிவிடும். பேரம் பேசத் தெரியாதவர்கள் வீட்டில் பேசத் தெரிந்த ஒருவரை முன்னால் விடவும். மற்ற நாட்களில் நேரு வீதி, மிஷன் வீதி. ஆரோவில் பொருட்கள், கைவினைத் தோல் பைகள், ஊதுவத்தி எல்லாம் கிடைக்கும். விலை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதத் தொழிற்சாலை 1959-லிருந்து ஓடுகிறது. துணிக் கழிவிலிருந்து செய்த காகிதத்தில் வண்ணம் சுழன்றோடும் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினால், படிக்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

புதுச்சேரிக்கே உரிய இரண்டு பொருட்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் சிற்பங்கள், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள். கடைகளில் 'பாண்டி ஞாபகார்த்தம்' என்று விற்கும் பாதிப் பொருட்கள் எங்கெங்கிருந்தோ வருபவை. ஈபிள் டவர் சாவிக்கொத்தை எந்த ஊரிலும் வாங்கலாம். வில்லியனூர் குதிரையை இங்கேதான் வாங்க முடியும்.

நான் சிபாரிசு செய்வது குபேர் அங்காடியை. உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய மார்க்கெட். நடுவில் மணிக்கூண்டு, சுற்றிலும் காய்கறி, பூ, மளிகை, உள்ளே மீன் அங்காடி. காலையில் சீக்கிரம் போனால் மீனவப் பெண்கள் குரலிலேயே விலையை ஏற்றி இறக்குவதைப் பார்க்கலாம். கரையில் நடக்கும் அத்தனை கதைக்கும் முடிவு இந்த மீன் கூடையில்தான் தெரியும். இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம் ஒன்று வந்தபோது, எங்களை எங்கே அனுப்புவீர்கள் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். பார்க்காதவர்கள் பழைய மார்க்கெட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

துணி வாங்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். மேற்கு ஆப்பிரிக்கா வரை நீலத்துணி அனுப்பிய ஊர் இது. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆகி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்ததில் நொறுங்கியது. 2020-ல் மூடியே விட்டார்கள். பாண்டியில் சொந்த நெசவுத் துணி என்று தேடினால் கிடைப்பது குறைவு என்பதற்கு அதுதான் காரணம்.

தெற்கே போனால் வேறு கடல்

துறைமுகத்துக்குத் தெற்கே கதை தலைகீழ். வீராம்பட்டினம், சின்ன வீராம்பட்டினம். இங்கே மணலுக்குக் குறைவில்லை. சின்ன வீராம்பட்டினத்தின் 'ஈடன்' கடற்கரைக்கு 2021-ல் சர்வதேச நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த கோவளத்துக்கும் கிடைத்தது. உடை மாற்ற இடம், கழிப்பறை, உயிர்காப்பாளர்கள் என்று அந்தச் சான்றிதழுக்கு நிபந்தனைகள் அதிகம். குழந்தைகளும் பாட்டி தாத்தாவும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இந்த இடம்தான்.

'பாரடைஸ்' கடற்கரைக்குக் கடலூர் சாலையில் சுமார் எட்டு கிலோமீட்டர் போய், நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுத்துறையில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஆறும் கடலும் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு. கடற்கரையைவிட அங்கே போகும் படகுப் பயணம்தான் அழகு. விடுமுறை நாட்களில் வரிசை நீளும். காலையிலேயே போய்விடுங்கள். குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் அவசியம், திட்டில் நிழல் குறைவு.

வீராம்பட்டினம் போகிறவர்கள் பக்கத்தில் அரிக்கமேட்டை விட்டுவிடாதீர்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் வெளிவந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே மணி செய்து கடல் தாண்டி விற்றிருக்கிறார்கள். பெரிதாகப் பார்க்க ஒன்றும் இருக்காது, மரங்களும் ஒரு பழைய கட்டடத்தின் செங்கல் சுவர்களும்தான். வீட்டில் வரலாற்றுப் பாடம் படிக்கும் பிள்ளை இருந்தால் கட்டாயம் போகலாம், இல்லையென்றால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த பொருட்களைப் பார்த்தால் போதும்.

கடலில் இறங்குவது பற்றி ஒரே ஒரு கண்டிப்பான வார்த்தை. நகரக் கரையில் புது மணல் இருக்கிறதே என்று குளிக்க இறங்காதீர்கள். அடியில் பாறையும் இழுப்பும் இருக்கின்றன. பாசி படிந்த கற்களில் நின்று படம் எடுக்கப் போய் வழுக்கியவர்கள் உண்டு. ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் வெளியூர் இளைஞர்கள் மூழ்கினார்கள் என்ற செய்தி வராமல் இருப்பதில்லை. குடித்துவிட்டு இறங்கினார்கள் என்பதும் பல நேரம் அந்தச் செய்தியில் சேர்ந்தே வரும். போலீஸ் விசில் அடித்தால் வாக்குவாதம் செய்யாமல் ஏறிவிடுங்கள்.

எப்போது போகலாம் என்று கேட்டால், ஜனவரி, பிப்ரவரி இதமாக இருக்கும். ஆடி மாதம் வெயில் தாங்குவோம் என்பவர்கள் ஐந்தாவது வெள்ளியன்று வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்துக்கு வரலாம். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுத்துத் தொடங்கி வைக்கிறார். மாசி மகத்துக்கு வர முடிந்தால் இன்னும் விசேஷம். மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர் என்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் புதுச்சேரிக் கோயில்களிலிருந்தும் சாமிகள் வரிசையாக வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். ஒரே கரையில் அத்தனை உற்சவ மூர்த்திகளையும் பார்க்கலாம். அன்று நகருக்குள் கார் நகராது. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, காலையிலேயே குருசுக்குப்பம் வழியாக நடந்து போய்விடுங்கள்.